இடம் பார்த்தல்

தூத்துக்குடியில் கத்திரி முடிய
இன்னும் ஒன்பது நாள் இருக்கையில் கிளம்பினோம்.
இங்கே கோடை என்று தனியாக எதுவும் இல்லை.
காலையில் வெயில், நாலு மணிக்கு இடி,
ஐந்தரைக்கு ஒன்றுமே நடக்காதது போல் வானம்.

ஆறு மாதம் முன்பே வந்திருந்த செல்வின்
பதினெட்டாம் மாடியில்
முப்பது நாளைக்கு ஓர் அறை எடுத்திருந்தான்.
அதற்குள் வீடு பிடிக்க வேண்டும்,
பிள்ளைகளுக்கு ஊரும் காட்ட வேண்டும்.
இரண்டுக்கும் எங்களிடம் ஒரே பேச்சுதான்:
இடம் பார்க்கப் போகிறோம்.

முதல் சனிக்கிழமை இரட்டைக் கோபுரம்.
செல்வின் தரையில் மல்லாந்து படமெடுத்தான்.
அப்படியும் என் தலைக்கு மேல்
கோபுரம் பாதியில் அறுந்திருந்தது.
அங்கிருந்தே ரயிலேறி வங்சா மாஜுவில் ஒரு வீடு.
வீட்டுக்காரம்மா அடுப்பைக் காட்டவில்லை,
எங்களையே பார்த்தாள்.
ஏஜெண்ட் யோங் தொண்டையைச் செருமினாள்:
"எண்ணெயில் நிறையப் பொரிப்பீர்களா என்று கேட்கிறார்."
நான் சிரித்து மழுப்புவதற்குள்
ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய பெனிட்டா
முழு வாக்கியத்தில் பதில் சொன்னாள்,
ஞாயிறுதோறும் சீலா, மற்ற நாளில் சாளை என்று.
மீனுக்கு ஆங்கிலப் பேர் தெரியாத இடத்தில்
கையை விரித்து நீளம் காட்டினாள்.

அந்த வீடு போயிற்று.

பறவைப் பூங்கா. செராஸில் ஒரு வீடு.
முந்தின இரவே வேறு ஆள் வந்துவிட்டதாம்.
விளம்பரம் மட்டும் மறுவாரமும் அங்கேயே இருந்தது.
மீன்காட்சி சாலை. பழைய கிள்ளான் சாலையில் ஒரு வீடு.
பத்துமலையில் நூற்றுப் பதினோராம் படியிலிருந்து
கிப்சனை இடுப்பில் சுமந்தேன்.
மேலே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.
எங்கள் சாமி இல்லை,
ஆனாலும் ஒரு வீடு கேட்டேன்.

கிப்சனுக்கு நாலு வயது.
ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கேட்பான்,
"இங்கே டிக்கெட் எவ்வளவு?"
திரும்பும்போது காலி அறைகளுக்கு டாட்டா காட்டுவான்.

ஊருக்குப் போனதெல்லாம் கோபுரப் படங்கள்.
வீடுகளை நாங்கள் படமெடுக்கவில்லை.
ஜாலியாக இருக்கீங்க போல, என்று எழுதினாள் மைனி.
ஒரு கட்டைவிரலை அனுப்பி வைத்தேன்.

இருபத்தொன்பதாம் நாள் கெப்போங்.
நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
வீட்டுக்காரர் ரொஸ்லானுக்கு ஏதோ அவசரம்.
எங்களை ஒன்றும் கேட்கவில்லை.
முன்பணத்தை இரண்டு முறை எண்ணினார்.
உள்ளறையில் பழைய மரச்சாமான் ஒன்றைத் தட்டி
"காத்தில், காத்தில்" என்றார்.
கட்டிலைத்தான் சொல்கிறார் என்று
படியிறங்கிப் போன பிறகுதான் உறைத்தது.

ஜன்னலில் கோபுரம் தெரியாது.
எதிர்க் கட்டடத்துத் துணிகள் தெரியும்,
அதில் ஒரு பள்ளிச் சீருடை
மூன்று நாளாய் யாரும் எடுக்காமல்.
பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது
வாசலில் ஷூவோடு நின்றான் கிப்சன்:
"பார்த்தாச்சே. கிளம்பலாமா?"

ஞாயிற்றுக்கிழமை சந்தையில்
தெங்கிரி, தெங்கிரி என்று கூவினான் ஒருவன்.
எட்டிப் பார்த்தால் நம் சீலா.

ஜன்னல்களையெல்லாம் சாத்தினேன்.
வாசற்கதவின் அடியில் ஈரத்துண்டைத் திணித்தேன்.
எண்ணெய் காய்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.
முதல் துண்டு சட்டியில் சீறியபோது
குளியலறைச் சந்து வழியே ஏறி வந்தது
கீழ்வீட்டிலிருந்து ஒரு வாடை.
கருவாட்டைச் சுட்டு
அதன்மேல் இன்னொரு கருவாட்டைத் தேய்த்தாற்போல்.
பெலாச்சான், என்றான் செல்வின்.
ஆறு மாத அனுபவம்.
பெனிட்டா மூக்கைப் பொத்திக்கொண்டே
என்ன சமையல் என்று கேட்டு வர இறங்கினாள்.
நான் தடுக்கவில்லை.

துண்டை உதறிக் காயப்போட்டேன்.
இரண்டாம் ஈடு பொரிந்தது ஜன்னல் திறந்து.

கட்டிலில் தூங்கிவிட்டிருந்தான் கிப்சன்,
இன்னும் ஷூவைக் கழற்றாமல்.